ஒன்பதாவது கூடு

பதவி உயர்வுப் படிவத்தின் ஒன்பதாவது கூடு
இதுவரை வெளியான ஆய்வுகள் எத்தனை என்று கேட்கிறது.
முப்பத்தொன்று என்று எழுதிவிட்டு
கின்சி வீதியில் மழை பெய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அடியில் மூன்று கோடு இழுத்து விட்டிருக்கிறார்கள்:
இவற்றுக்கிடையேயான தொடர்பை விளக்குக.

தொடர்பாம்.

முதலாவது ஒரு தாள் துண்டைப் பற்றியது.
ஒரு சொட்டு இரத்தம் விட்டால்
பத்து நிமிடத்தில் நிறம் மாறவேண்டும்.
குளிரூட்டிய அறையில் ஒழுங்காக மாறியது.
வெளியே, மே மாதத்துக் கொழும்பின் ஈரக்காற்றில்
இரத்தம் படுமுன்னே மாறியது.
அதையும் எழுதி அனுப்பினேன், அச்சிட்டார்கள்.

பிறகு கதிர்.
சட்டையில் குத்திய சின்னப் பட்டை
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
என் மேல் எவ்வளவு விழுந்தது என்று சொல்லும்.
ரேடியோகிராபர் லசந்தியும் நானும்
குழந்தைகளின் வயிற்றுப் படங்களுக்குக்
கதிரை எதுவரை குறைக்கலாம் என்று
நாலு வருடம் பார்த்தோம்.
குறைக்கக் குறைக்கப் படம் மங்கும்.
எந்த மங்கல் வரைக்கும் ஒரு டொக்டர்
கை நடுங்காமல் ஒப்பம் வைப்பார் என்பதுதான் கேள்வி.
அப்படி எழுத முடியாது.
'ஏற்கத்தக்க தெளிவு' என்று எழுதினோம்.

ஈரலுக்கு வந்தது தற்செயல்.
பக்கத்து அறையில் ஓர் இயந்திரம் சும்மா கிடந்தது.
விலா எலும்புகளுக்கு நடுவே அது
தட்டிக் கேட்கும்.
அதட்டலாக இல்லை,
அயல்வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி.
இளகிய ஈரல் நிதானமாகப் பதில் சொல்லும்.
இறுகியது உடனே சொல்லிவிடும்.
பயத்துக்கும் பாசத்துக்கும் நாங்கள் பேச்சில் இழுக்கிற
அதே ஈரக்குலைதான்,
திரையில் கிலோபாஸ்கல்.

பதினேழாம் ஆள் கொம்பனித்தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவர்.
ஆய்வில் அவர் பெயர் இல்லை.
எனக்குத் தெரியும், இங்கேயும் எழுதமாட்டேன்.
வாழ்க்கையில் ஒரு மிடறு குடித்ததில்லை.
ஆனால் 'ஈரல்' என்ற சொல் வீட்டுக்குள் போனதும்
மனைவி சேர்ட்டை மோந்து பார்த்திருக்கிறார்,
மச்சான்மார் இரண்டு பேர் வந்து கதவைச் சாத்திப் பேசியிருக்கிறார்கள்,
ஜும்ஆ முடிந்து ஒருவர்
சலாம் சொல்லிவிட்டுக் கையை மட்டும் தரவில்லை.

"மிஸ், ஒரு துண்டு எழுதித் தாங்க.
குடியால வந்ததில்ல எண்டு."

ஆய்வு தனி ஆளைப் பற்றிப் பேசாது என்றேன்,
இருநூற்றுப் பன்னிரண்டு பேர்,
அவர்களின் சராசரி, அதன் விலகல்.
பொறுமையாகக் கேட்டார்.
"அப்ப நான் எங்க இரிக்கிறன்?"
மூன்றாம் அட்டவணையில், என்றேன்.
என் காதுக்கே நன்றாக இல்லை.

அன்று பின்னேரம் எழுத உட்கார்ந்தேன்.
முப்பத்தொன்றில் ஒன்றுகூடத் தமிழில் எழுதியதில்லை,
அப்போதுதான் உறைத்தது.
'மது சாராத கொழுப்பீரல்' என்று போட்டால்
'மது'வை மட்டும் பிடித்துக்கொள்வார்கள். வெட்டினேன்.
'இந்த நோய் குடியாதவர்களுக்கும் வரும்.
இவருக்கு அப்படித்தான் வந்திருக்கிறது.'
எந்த ஆய்வையும் இத்தனை தரம் திருத்தியதில்லை.
வார்ட்டு டொக்டர் வாசித்து, சிரிக்காமல்,
ஒப்பம் வைத்து முத்திரையும் குத்தினார்.

அடுத்த தவணைக்கு அதே சேர்ட்டில் வந்தார்.
துண்டை லெமினேட் பண்ணியிருந்தார்.
மச்சான்மார் வாசித்தார்களா என்று கேட்டேன்.
"வாசிச்ச. பெரியவர் மட்டும் கேட்டார்,
அப்ப கொத்து ரொட்டியும் ஏலாதா எண்டு."
ஏலாது என்றேன்.
அதற்குத்தான் முகம் வாடினார்.
தட்டிப் பார்த்தோம்.
ஒன்று தசம் நாலு குறைந்திருந்தது.
அளவுப் பிழைக்குள்தான். அவரிடம் சொல்லவில்லை.

நாலு மணிக்குப் பதிவாளர் அலுவலகம் மூடிவிடும்.
முப்பத்தொன்றை முப்பத்திரண்டாக்கப் பேனை போனது,
திரும்பி வந்தது.
முதல் கோட்டில்,
உடம்பை வெட்டாமல் உள்ளே பார்ப்பது
என்று எழுதியிருக்கிறேன்.
இரண்டு கோடு மிச்சம்.
மழை இன்னும் விடவில்லை.